வண்டிக் கேள்வி பதில்: வேகக் காருக்குக் குளிர்கால டயர்

புரட்டாசி முடியும்போது எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் மைலேஜ், ஏசி, பேட்டரி என்று கேட்பவர்கள், இந்த நேரத்தில் ஸ்டுட்கார்ட், மியூனிக், டொரன்டோ என்று எழுத ஆரம்பிப்பார்கள். ஒரு காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய வீடுகளின் பேரப்பிள்ளைகள் இப்போது பனி கொட்டும் ஊர்களில் போய்க் கார் வாங்குகிறார்கள், அதுவும் சும்மா கார் இல்லை, மிதித்தால் பறக்கிற கார். அதனால் இந்த வாரம் முழுக்க டயரும் வீலும்தான்.

பள்ளத்தூர் வாசகி: என் மகன் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். ஆகஸ்டில் பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஒன்று வாங்கினான். டயர் நாலும் புதுசு என்று சொல்லித்தான் வாங்கினான். இப்போது குளிர்காலத்துக்கு வேறு டயர், வேறு வீல் வேண்டும், 1,400 யூரோ ஆகும் என்கிறான். அவன் அப்பச்சி, "புது டயர் இருக்கும்போது இன்னொரு செட் எதற்கு? ஸ்டைலுக்குக் கேட்கிறான்" என்று கோபப்படுகிறார்கள். இப்போதுள்ள டயரில் 225/40 ஆர் 18 என்று எழுதியிருக்கிறதாம். உண்மையிலேயே தேவையா?

ஆச்சி, தேவைதான். பையன் கேட்பது நியாயமான செலவு, அப்பச்சியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் இளகும். சித்திரையில் அதே எண்ணெய் தண்ணீராக ஓடும். பாட்டிலும் மாறவில்லை, எண்ணெயும் மாறவில்லை, சூடு மட்டும்தான் மாறியது. டயர் ரப்பரும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் மகன் காரில் இருப்பது கோடைக்கால டயர். வெயிலில் தார் ரோட்டைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே கலந்த ரப்பர் அது. 7 டிகிரிக்குக் கீழே போனால் அது விறைக்க ஆரம்பித்துவிடும். புதுசாக இருந்தாலும் விறைக்கும், பட்டன் (ரோட்டில் படும் ரப்பர்க் கட்டிகள்) முழுசாக இருந்தாலும் விறைக்கும். டயர் என்ன வயசு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான். குளிர்கால டயரில் ரப்பர் கலவையே வேறு, உறைகிற குளிரிலும் அது இளக்கமாகவே இருக்கும். அதோடு பட்டன் ஒவ்வொன்றின் மேலும் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் அலை அலையாக ஓடும். விரலால் பட்டனைத் தள்ளிப் பார்த்தால் அந்த வெட்டுகள் வாய் திறப்பது தெரியும். ரோட்டில் உருளும்போது ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கடித்துப் பிடிக்கும்.

வேகக் காருக்கு இது இன்னும் முக்கியம். சாதாரணக் காரில் வரும் டயரைவிட ஜிடிஐ மாதிரிக் காரில் வரும் டயர் அகலம், பக்கச் சுவர் குட்டை, ரப்பர் முழுக்க முழுக்கச் சூட்டை நம்பியது. இந்த ரகக் கோடை டயர்களை உறைநிலைக்குக் கீழே ஓட்டாதீர்கள், ரப்பரில் கீறல் விழலாம் என்று சில கம்பெனிகள் எழுதியே கொடுக்கிறார்கள். வெயிலில் ரோட்டை நன்றாகப் பிடிக்கிற டயர்தான் குளிரில் முதலில் கைவிடும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஜெர்மனியில் இருந்த முதல் வருஷம், நவம்பர் ஆரம்பம், ஸ்னோ ஒரு துளிகூட விழவில்லை. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று டயர் மாற்றுவதைத் தள்ளிப் போட்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு ரவுண்டானாவுக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் நுழைந்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், அது திரும்பியது, கார் திரும்பவில்லை. கையில் இருந்த கனம் அப்படியே காணாமல் போய், காற்றில் கையை ஆட்டுவது போல இருந்தது. நடுத்திட்டின் கல் விளிம்பில் முன் சக்கரம் ஏறி நின்றது. இறங்கிப் பார்த்தால் ரோடு வெறும் ஈரம் மாதிரிதான் தெரிந்தது, செருப்பை வைத்தேன், வழுக்கியது. நம் ஊரில் பனி என்றால் மார்கழியில் புல்நுனியில் நிற்கும் துளி, வாசலில் கோலம் போடும்போது தலையில் இறங்கும் குளிர். அங்கே பனி என்றால் வெள்ளையாகக் கொட்டுவது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஐஸ் தகடும் உண்டு, ஆபத்து அதில்தான் அதிகம்.

அதனால்தான் அங்கே சட்டமே இருக்கிறது. ஜெர்மனியில் தேதி போட்டுக் கட்டாயம் இல்லை, ஆனால் ரோட்டில் ஐஸோ ஸ்னோவோ சேறாகிப் போன பனியோ இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது. பிடித்தால் 60 யூரோ அபராதம், ஓட்டுநர் கணக்கில் 1 குற்றப் புள்ளி. அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்று அங்குள்ளவர்கள் மனசில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், பையனும் அதைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்போது அப்பச்சியின் கேள்விக்கு ஐந்தொகை போட்டே பார்ப்போம். புது செட் ஓடும் அந்த ஐந்தாறு மாதமும் பழைய செட் தேயாமல் சும்மா இருக்கும். ஒரு செட் மூன்று வருஷம் வருமென்றால் இரண்டு செட்டும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு வருஷம் வரும். ஆகவே டயருக்குக் கொடுப்பதில் பெரும் பகுதி பின்னால் கொடுக்க வேண்டியதை முன்னால் கொடுப்பதுதான். உண்மையான கூடுதல் செலவு வீலுக்கு மட்டும். அந்த வீல்தான் எதற்கு, இருக்கிற வீலிலேயே டயரை மட்டும் கழற்றி மாட்டலாமே என்றால், மாட்டலாம். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை கடைக்குப் போய் டயரை நெம்பிக் கழற்றி, திரும்ப ஏற்றி, பேலன்ஸ் பண்ணிக் கூலி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் டயரின் ஓரக் கம்பி இருக்கும் இடம் நெம்புகோலில் அடிபடும். வீலோடு இருந்தால் ஐந்து போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலைதான்.

சரி, என்ன அளவு வாங்குவது? டயரில் எழுதியிருக்கும் எண்களில் முதலாவது அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் வீலின் விட்டம், அங்குலத்தில். இதைப் பையனுக்கு அப்படியே அனுப்புங்கள். தம்பி, 18 அங்குலத்தை வேனிலுக்கு வைத்துக்கொள், குளிருக்கு 17-க்கு இறங்கு. இப்போதுள்ள 225/40 ஆர் 18-க்கு மொத்த உயரம் 637 மில்லிமீட்டர். 225/45 ஆர் 17-க்கு 634. அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. ஆனால் பக்கச் சுவர் 90-இலிருந்து 101 மில்லிமீட்டராக உயரும். அந்த 11 மில்லிமீட்டர் ரப்பர்தான் பனிக்கு அடியில் மறைந்திருக்கும் குழியிலும் கல் விளிம்பிலும் உன் ரிம்மைக் காப்பாற்றும். 17 அங்குல டயர் விலையும் 18-ஐவிட இறங்கும். 205/55 ஆர் 16 இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள், ஒல்லி டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜிடிஐயில் பெரிய பிரேக் வந்த மாடல்கள் உண்டு, 340 மில்லிமீட்டர் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் 16 அங்குல வீலுக்குள் உட்காராது. காரோடு வந்த சிஓசி பேப்பரில் (கார் கம்பெனி கொடுக்கும் பொருத்தச் சான்று) எந்த அளவெல்லாம் அனுமதி என்று இருக்கும், அதைப் பார்த்த பிறகு கடைக்குப் போ. அதில் இல்லாத அளவை மாட்டினால் அந்த வீலுக்கு உரிய அனுமதிச் சான்று வேண்டும், இல்லையென்றால் டியூவ் என்ற வாகனச் சோதனை நிலையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸில் இழுபறி வரும்.

வீலில் இன்னும் மூன்று பார்க்க வேண்டும். போல்ட் வட்டம் உன் காருக்கு 5x112, அதாவது 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட். நடு ஓட்டை 57.1 மில்லிமீட்டர், வெளி வீலில் ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வளையம் கொடுப்பார்கள், அதை மறக்காமல் வாங்கு. மூன்றாவது, பலர் கோட்டை விடுவது, போல்ட் உட்காரும் இடம். ஃபோக்ஸ்வாகன் போல்ட்டின் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும், வெளிக் கம்பெனி வீல்கள் நிறைய கூம்பு வடிவப் போல்ட் கேட்கும். மாற்றிப் போட்டால் முறுக்கும்போது இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். வீலோடு வரும் போல்ட்டை அந்த வீலுக்கே போடு.

பணத்தைக் குறைக்க வேண்டுமா, வீலில் குறை, சாதாரண வெள்ளி நிற அலாய் போதும். டயரில் குறைக்காதே. பக்கச் சுவரில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பார், பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் வாங்காதே. தயாரிப்பவர் தாமே போட்டுக்கொள்ளும் எழுத்து அது, ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அதைக் குளிர்கால டயராக ஏற்பதும் இல்லை.

தேவகோட்டைக்காரர், மியூனிக்கிலிருந்து: என்னுடையது பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், புதிய ஜி20 உடல், எம்340ஐ எக்ஸ்டிரைவ், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னால் 225/40 ஆர் 19, பின்னால் 255/35 ஆர் 19. பிரேக் பெரிசு என்பதால் 18-க்குக் கீழே போக முடியாது என்று டீலர் சொல்லிவிட்டார். அலுவலக நண்பர் தன் பழைய எஃப்30 3 சீரிஸின் 18 அங்குல வீல் செட்டை, குளிர்கால டயரோடு, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள், மாட்டவே மாட்டாது. இரண்டும் 3 சீரிஸ்தான், ஆனால் எஃப்30-க்குப் போல்ட் வட்டம் 5x120, உங்கள் ஜி20-க்கு 5x112. நடு ஓட்டையும் வேறு, அதற்கு 72.6, உங்களுக்கு 66.5 சுமார். நண்பர் தெரியாமல்தான் சொல்லியிருப்பார், பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. இடையில் அடாப்டர் வைத்து மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவாக 225/45 ஆர் 18 போடுங்கள். மொத்த உயரம் 660 மில்லிமீட்டர் வருகிறது, இப்போதுள்ள முன் டயர் 663, பின் டயர் 661, பொருத்தம். பின்னால் அகல டயர் கோடையில் முடுக்கும்போது உதவும், பனியில் அந்த அகலமே மிதக்க வைக்கும். நாலும் ஒன்றாக இருந்தால் முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தலாம், எக்ஸ்டிரைவ் காரில் நாலு டயரின் சுற்றளவும் ஒத்திருப்பது கியர்ப்பெட்டிப் பக்கத்துக்கும் நல்லது.

வேகக் குறியீட்டில் ஒரு சலுகை இருக்கிறது. ஹெச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240. உங்கள் கார் 250 வரை போகும் என்றாலும் குளிர்கால டயருக்கு அங்கே குறைந்த குறியீட்டை அனுமதிக்கிறார்கள், டயரின் உச்ச வேகத்தை எழுதிய ஸ்டிக்கரை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி, அந்த வேகத்தைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும். வி போதும். டயர் எவ்வளவு கனம் தாங்கும் என்று சொல்லும் எடைக் குறியீட்டில் மட்டும் சலுகை கிடையாது, காரின் பேப்பரில் உள்ளதற்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

டயரின் பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண் அது பிறந்த வாரமும் வருஷமும். 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம். பழைய செட் எதையாவது பார்க்கப் போனால் இதை முதலில் தடவிப் பாருங்கள். அப்புறம் சட்டைப்பையில் ஒரு 2 யூரோ நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெள்ளி ஓரம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். பட்டன் இடுக்கில் நாணயத்தை நிறுத்தினால் அந்த வெள்ளி ஓரம் முழுதும் மறைய வேண்டும். ஜெர்மன் சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் போதும்தான், ஆனால் 4-க்குக் கீழே போன குளிர்கால டயர் பனியில் வேலைக்காகாது. பக்கத்து ஆஸ்திரியாவில் 4-க்குக் கீழே இருந்தால் அதைக் குளிர்கால டயர் என்றே எண்ணுவதில்லை, நீங்கள் மியூனிக்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறவர் என்றால் இது நேரடியாக உங்கள் விஷயம்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: என்னிடம் ஐ20 என் லைன் இருக்கிறது. 195/55 ஆர் 16 டயர். 17 அங்குலம் போட ஆசை. இங்கே ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் குளிர்கால டயர் வைத்திருக்கிறார். 215/45 ஆர் 17, பட்டன் நன்றாக இருக்கிறது, "ரப்பர் சாஃப்ட், கிரிப் பயங்கரமா இருக்கும்" என்கிறார். விலையும் குறைவு. போடலாமா?

தம்பி, தயவுசெய்து போடாதே. மேலே ஆச்சிக்குச் சொன்ன தேங்காய் எண்ணெய்க் கதையைத் திருப்பிப் போட்டுப் பார். உறைகிற குளிரில் இளக்கமாக இருக்கக் கலந்த ரப்பர் நம் சித்திரை வெயிலில் என்ன ஆகும்? மத்தியானம் நூறடி ரோட்டில் தார் 60 டிகிரியைத் தொடும். அந்த டயரின் பட்டன் வெட்டு வெட்டாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த வெட்டுகள் சூட்டில் துவண்டு பட்டன் முழுக்க ஆடும். கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், பிரேக் போட்டால் ஓட்டுநருக்குத் தெரியாமலே நிற்கும் தூரம் நீளும், வளைவில் கார் மிதப்பது போல இருக்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டையாகிவிடும். கையில் சாஃப்டாகத் தெரிவதை வைத்துக் கிரிப்பைச் சொல்ல முடியாது, எந்தச் சூட்டில் சாஃப்ட் என்பதுதான் கணக்கு. வாங்கச் சொன்னவர் டிஓடி எண்ணைக் காட்டினாரா? அங்கே வயசாகிக் கழித்துப் போட்டதுதான் பெரும்பாலும் இப்படி ஊர் ஊராக வரும்.

17 அங்குல ஆசையைப் பற்றி. கணக்கு பொருந்தத்தான் செய்கிறது, 195/55 ஆர் 16-க்கு 621 மில்லிமீட்டர், 215/45 ஆர் 17-க்கு 625. ஆனால் பக்கச் சுவர் 107-இலிருந்து 97-க்கு இறங்குகிறது. ஸ்டுட்கார்ட் பையனை நான் 17-க்கு இறக்கியது எதற்காகவோ அதே காரணத்துக்காக உன்னை 16-இலேயே இருக்கச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் குழியும், இருட்டில் திடீரென்று எதிர்ப்படும் பெயிண்ட் அடிக்காத வேகத்தடையும் நம் பக்கத்து ரோட்டில் எத்தனை! 10 மில்லிமீட்டர் ரப்பர் குறைந்தால் அந்த அடி ரிம்முக்குப் போகும். ரிம் ஓரம் மடங்கி, காற்று இறங்கி, பேலன்ஸ் நிற்காமல் 80-இல் ஸ்டீயரிங் உதறும் கார்களை வாராவாரம் பார்க்கிறேன். அந்தக் காசில் அதே 16-க்கு நல்ல புது டயர் நாலு வாங்கு, அலைன்மென்ட் பார், காற்று வாராவாரம் செக் பண்ணு. கார் எவ்வளவு மாறுகிறது என்று குன்றக்குடி போய்த் திரும்பும்போதே தெரியும்.

காரைக்குடி, ஓய்வு பெற்ற விஞ்ஞானி: வெளிநாட்டில் இருக்கும் மருமகன், வீலில் 'டயமண்ட் கட்' என்று மினுமினுக்கும் ரகத்தைக் குளிர்காலத்துக்கு மாட்டக்கூடாது என்கிறார். அலுமினியம் துருப்பிடிக்காதே, பிறகு ஏன்?

ஐயா, செக்ரியில், அதாவது நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், வேலை பார்த்த உங்களுக்கு அரிப்பைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த அந்த நிலையத்தில் அரிப்பு ஆராய்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கும் ஊர் இது. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

அலுமினியம் இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, தன் மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். குளிர் நாடுகளில் ஐஸ் உருக ரோடு முழுக்க உப்புத் தூவுவார்கள், அந்த உப்பில் உள்ள குளோரைடு அந்தத் தோலை உடைக்கும். டயமண்ட் கட் வீலில் முகப்பைச் சீவி, உலோகம் பளபளக்க விட்டு, மேலே ஒளி ஊடுருவும் லாக்கர் மட்டும் பூசியிருப்பார்கள், அடியில் பெயிண்ட் கிடையாது. ஒரு சின்னக் கல் தெறித்து லாக்கரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் லாக்கருக்கு அடியிலேயே வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்தது போலத் தடம் போடும். ஒரே குளிர்காலத்தில் வந்துவிடக்கூடும். அதைச் சரிசெய்யத் திரும்பவும் முகப்பைச் சீவ வேண்டும், அதையும் எத்தனை தடவை செய்ய முடியும்? மருமகன் சொல்வது சரி. முழுக்கப் பெயிண்ட் அடித்த அலாய், அல்லது பிரேக் இடம் கொடுத்தால் இரும்பு வீல், இவைதான் உப்புக்கு ஏற்றவை. வாரம் ஒரு தடவை வீலின் உள்பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள்.

கோட்டையூர் வாசகி, டொரன்டோவிலிருந்து: நான் வாங்கியிருப்பது சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். நாலு சக்கரமும் இழுக்கும் கார் என்பதால் குளிர்கால டயர் வேண்டாம் என்கிறார்கள். முன்னால் இரண்டுக்கு மட்டும் போட்டால் போதும் என்றும் ஒருவர் சொன்னார்.

இரண்டும் தப்பு, சகோதரி. நாலு சக்கரமும் இழுப்பது கிளம்புவதற்குத்தான் உதவும். நிற்பதற்கு எல்லாக் காரிலும் நாலு சக்கரப் பிரேக்தான், அதில் உங்களுக்குத் தனியாக ஒன்றும் கூடுதல் இல்லை. சிக்னலில் எல்லாரையும் முந்திக் கிளம்பிவிடுவதால் ரோட்டில் பிடிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிடும், வேகமும் ஏறிவிடும், வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்கு. முன்னால் மட்டும் போட்டால் பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, கார் அப்படியே சுற்றிக்கொள்ளும். நாலும் போடுங்கள். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் குளிர்கால டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும், கேட்டு வாங்குங்கள். பக்கத்து கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம்.

திருப்பத்தூர் வாசகர்: ஜனவரியில் நண்பர்களோடு என் காரிலேயே மணாலி போகிறோம். குளிர்கால டயர் வாங்க வேண்டுமா?

நாலு நாளுக்காக வாங்க வேண்டாம். திருப்பத்தூரிலிருந்து மணாலி போய் வரும் தூரத்தில் முக்கால்வாசிக்கு மேல் சூடான ரோடு, அந்த டயர் அங்கேயே தேய்ந்து போகும். மணாலி வரை உங்கள் காரில் போங்கள். மேலே சோலாங், அடல் சுரங்கப் பக்கம் பனி விழுந்தால் நாலு சக்கர இழுவை உள்ள வண்டியையும் சங்கிலி கட்டிய வண்டியையும்தான் போலீஸ் விடுவார்கள். அங்கிருந்து உள்ளூர் டாக்சி வைத்துக்கொள்வதே உத்தமம், அந்த ஓட்டுநர்களுக்கு எந்த வளைவில் எத்தனை மணிக்கு ஐஸ் கட்டும் என்பது அத்துப்படி. சொந்தக் காரில்தான் போவேன் என்றால் உங்கள் டயர் அளவுக்கான சங்கிலியை வாங்கி, வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். முன் சக்கரம் இழுக்கும் காருக்கு முன் சக்கரத்தில்தான் கட்ட வேண்டும்.

மீண்டும் பள்ளத்தூர் ஆச்சி, அதே கடிதத்தின் கடைசியில்: கழற்றின டயரை எங்கே வைப்பது, இருப்பது சின்ன ஃபிளாட். அவனே மாட்டிக்கொள்ள முடியுமா, கடைக்குத்தான் போக வேண்டுமா?

டயரை வைத்துக்கொள்ளவே அங்கே கடைகள் இருக்கின்றன, ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்திருந்து மாற்றியும் தருவார்கள். நிலவறை இருக்கிற கட்டடம் என்றால் அங்கேயே வைக்கலாம். வீலோடு உள்ள டயரை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்க வேண்டும், வீல் இல்லாத வெறும் டயர் என்றால் நிற்க வைத்து மாதத்துக்கு ஒரு தடவை உருட்டிவிட வேண்டும். வெயிலும் எண்ணெயும் படக்கூடாது. கழற்றும்போதே சாக்பீஸால் எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தால் ஏப்ரலில் முழிக்க வேண்டியதில்லை.

அவனே மாட்டலாம், கஷ்டமில்லை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கி ஏற்றும் முன்னாலேயே போல்ட்டை அரைத் திருகு தளர்த்திக்கொள்ள வேண்டும். மாட்டும்போது ஐந்து போல்ட்டையும் வரிசையாக முறுக்காமல் நட்சத்திரம் வரைவது போல எதிரெதிராக முறுக்க வேண்டும். இறுக்கத்துக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கச் சொல்லுங்கள், பல ஃபோக்ஸ்வாகன் கார்களில் 120 நியூட்டன் மீட்டர், அவன் காருக்கு எவ்வளவு என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். காலால் மிதித்து இறுக்குகிற நம் ஊர் வழக்கம் அலாய் வீலுக்கு ஆகாது. காற்றைக் குளிரில் நின்ற டயரில் அளக்கட்டும், 10 டிகிரி குளிர் கூடினால் 0.1 பார் சுமார் இறங்கும். அவன் காரில் காற்றுக் குறைவைச் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை என்றால் மாற்றிய பிறகு அதை ஒரு தடவை ரீசெட் செய்ய வேண்டும், இல்லையென்றால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

மாட்டி 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த ரென்ச்சால் இருபது போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு ராத்திரி போன் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டதும் இதையும் கேட்டுவிடுங்கள், ஆச்சி.